யாருக்குக் கட்டுப்படியாகாது?

“இதை ரிப்பேர் பண்ணா கட்டுப்படியாகாதும்மா. புதுசே ஒண்ணு வாங்கிக்குங்க.”

திருவொற்றியூர் தேரடியானாலும் ராயபுரம் கல்மண்டபமானாலும், பழுதான மிக்ஸியைத் துணிப்பையில் சுமந்துகொண்டு கடைக்குப் போகிற பெண்ணுக்கு இன்று கிடைக்கிற பதில் இதுதான். பெரும்பாலும் அடித்தட்டைக் கழற்றாமலே கிடைக்கிற பதில். சொல்கிறவர்மீது எனக்குக் கோபமில்லை. கடை வாடகை, உதிரிபாகம் தேடி அலைகிற பெட்ரோல், ஒரு மிக்ஸியோடு மல்லுக்கட்டும் ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துத்தான் அவர் சொல்கிறார். கோபமெல்லாம் அந்தச் சொல்லின்மீது. கட்டுப்படியாகாது. யாருக்கு?

ஊரில் ஒரு கணக்கு சொல்வார்கள். ரிப்பேர் செலவு புது விலையில் பாதியைத் தாண்டினால் தூக்கிப் போட்டுவிட வேண்டுமாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கில் இரண்டே எண்கள்தான்: ரிப்பேர் கூலி ஒன்று, புது விலை ஒன்று. அந்த இயந்திரம் படுத்த நாளிலிருந்து அது செய்துகொண்டிருந்த வேலையை யார் செய்கிறார் என்பதற்கு அதில் இடமே இல்லை.

காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிற பெண்கள் பொழுது விடிவதற்கு முன்பே துறைமுகத்தில் நிற்க வேண்டும். அதற்கு முன்பு வீட்டில் சோறும் குழம்பும் ஆகியிருக்க வேண்டும். மிக்ஸி படுத்துவிட்டால் தேங்காயும் மிளகாயும் அம்மிக்குப் போகும், அம்மி இருந்தால். வாரியக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் அம்மிக்கு ஏது இடம்? பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி “அக்கா, கொஞ்சம் அரைச்சுக்கட்டுமா” என்று கேட்க வேண்டும். அந்த அரை மணி நேரம் அவளுடைய தூக்கத்திலிருந்து போகிறது. தூக்கத்துக்கு யாரும் பில் போடுவதில்லை என்பதால், மிக்ஸி ரிப்பேர் ஆகாமல் கிடப்பதால் நட்டம் ஒன்றுமில்லை என்று வீடு முடிவுகட்டிவிடுகிறது. அதே வீட்டில் கணவருடைய போன் திரை உடைந்தால் அன்று சாயங்காலமே கடைக்குப் போய்விடும். மிக்ஸி மட்டும் “ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்” என்று பரணேறும். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்!

சரி, அடித்தட்டைக் கழற்றித்தான் பார்ப்போமே. மிக்ஸி மோட்டாரில் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கொண்டுசேர்ப்பவை இரண்டு சின்னக் கார்பன் துண்டுகள். கார்பன் பிரஷ் என்று கேட்டால் கடையில் தெரியும். உரசி உரசித் தேய்வதுதான் அதன் வேலை. தேய்ந்தால் மாற்றிவிட்டால் போதும். ஜாருக்கு அடியில் பல்சக்கரம் மாதிரி இருக்கிற கப்ளரும் அப்படித்தான். ஜார் இறுகி நின்றுவிட்டால் மோட்டார் எரிந்துபோகாமல் தான் உடைந்து அதைக் காப்பதற்காகவே மெத்தென்ற பொருளில் செய்யப்பட்டது. இரண்டும் விலை மலிவானவை. இதற்கெல்லாம் முன்னால் ஒன்று உண்டு. பல மிக்ஸிகளின் அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். பாரம் அதிகமாகி மோட்டார் சூடானால் அது வெளியே துருத்திக்கொண்டு மின்சாரத்தை நிறுத்திவிடும். கொஞ்ச நேரம் ஆறவிட்டு அழுத்தினால் மிக்ஸி பழையபடி ஓடும். இந்தப் பொத்தானைப் பற்றி யாரும் சொல்லாததாலேயே “மோட்டார் போயிடுச்சு” என்று காயலான் கடைக்குப் போன மிக்ஸிகள் உண்டு. மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கெபாசிட்டர்தான் காரணம். விரலளவு பொருள், மாற்றப் பத்து நிமிடம். காயில் கருகியிருந்தால்தான் பெரிய செலவு. அப்போதும்கூட ரீவைண்டிங் செய்கிற கைகள் வடசென்னையில் இன்னும் இருக்கின்றன. ஆலைகள் நிறைந்த ஊர். மோட்டார் சுற்றத் தெரிந்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை.

ஆகவே, பழுது பார்க்க முடியுமா என்பது கேள்வியே இல்லை. எதைப் பழுது பார்க்கத் தகுந்த பொருள் என்று நினைக்கிறோம் என்பதுதான் கேள்வி. இதற்கான பதிலைத் தேடித் தொலைதூரம் போக வேண்டாம். திருவொற்றியூரில் 1955 முதல் என்ஃபீல்டு ஆலை நின்றது. அங்கே செய்த புல்லட்டை ஐம்பது வருடம் கழித்தும் யாரும் “கட்டுப்படியாகாது” என்று சொல்வதில்லை. அப்பாவிடமிருந்து மகனுக்கு வரும். பிஸ்டன் மாற்றுவார்கள், போரிங் செய்வார்கள், பெட்ரோல் டேங்குக்கு மறுபடி மறுபடி பெயின்ட் அடிப்பார்கள். செலவழித்த பணத்துக்கு இரண்டு புது வண்டி வாங்கியிருக்கலாம் என்று மனைவி சொன்னால், “உனக்கு இதெல்லாம் புரியாது” என்பார்கள். ஆணுடைய இயந்திரம் பழசானால் அது பாரம்பரியம். பெண்ணுடைய இயந்திரம் பழசானால் அது அடைசல். இரண்டிலும் இருப்பது இரும்பும் செம்பும்தான்.

நம் மிக்ஸியின் பிறப்புக் கதையே ஒரு ரிப்பேர் சண்டைதான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1963இல் மும்பையில் மாதுரி மாத்தூர் என்பவருடைய ஜெர்மன் பிரவுன் மிக்ஸர் பழுதாகிவிட்டது. நம் ஊர் மாவுக்கும் மசாலாவுக்கும் தாங்காத மோட்டார். அதைச் சரிசெய்து தரவும் இங்கே ஆளில்லை. அவருடைய கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர் சீமென்ஸில் வேலை பார்த்த பொறியாளர். ‘நீங்களே ஒன்று செய்து காட்டுங்களேன்’ என்று மாதுரி சவால் விட, இந்தியச் சமையலின் பாரத்தைத் தாங்குகிற மோட்டாரோடு உருவானதுதான் சுமீத். ஊறவைத்த உளுந்தையும் காய்ந்த மஞ்சளையும் தாங்கிய அந்த இயந்திரங்கள் பல வீடுகளில் மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வந்தன. ரிப்பேர் செய்ய முடியாத இயந்திரம் தனக்கு வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னதிலிருந்து பிறந்த பொருளைத்தான் இன்று திறந்துகூடப் பார்க்காமல் குப்பை என்கிறோம்.

தமிழ்நாட்டில் இந்தக் கதைக்கு இன்னொரு அத்தியாயம் உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று அன்றைய ஜெயலலிதா அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு அவை போய்ச் சேர்ந்தன. ‘இலவசம்’ என்று இதைக் கிண்டல் செய்தவர்களோடு எனக்கு எந்த உடன்பாடும் இல்லை. ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்திராதவர்களின் கிண்டல் அது. அரைக்கிற வேலையைப் பெண்ணின் தோளிலிருந்து இறக்கி வைத்தது ஓர் அரசு செய்யத் தகுந்த காரியம்தான். என் புகார் வேறு. உத்தரவாதக் காலத்துக்குச் சர்வீஸ் ஏற்பாடு இருந்தது. அது முடிந்த மறுநாள்? கோடிக் கணக்கில் ஒரே மாதிரி இயந்திரங்களை வாங்குகிற அரசு, அவற்றின் ஜாரும் கப்ளரும் பத்து வருடம் ரேஷன் கடை இருக்கும் தெருவிலேயே கிடைக்க வேண்டும் என்று சொல்லியிருக்க முடியாதா? அத்தனை மிக்ஸிகள் இருந்தால் அவற்றைப் பழுது பார்க்கிற வேலை எத்தனை பேருக்குச் சோறு போட்டிருக்கும்! சுய உதவிக் குழுக்களுக்கு அப்பளமும் ஊறுகாயும் சொல்லிக்கொடுத்தோம், மெழுகுவர்த்தி செய்யச் சொன்னோம். ஸ்க்ரூ டிரைவரை மட்டும் கையில் கொடுக்கவில்லை.

அதற்கு முன்பு, 2006இல் தி.மு.க. அரசு தொடங்கிய வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் போயின. எல்லாம் பின்பக்கம் புடைத்த குழாய் டிவிகள். அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. அவை எங்கே போய் உடைபட்டன, யார் கை உடைத்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு துறையும் இல்லை.

‘பெண்களுக்கு மெஷின் வராது’ என்று சொல்கிறவர்களை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அழைத்துப் போக வேண்டும். 2006 முதல் 2014இல் மூடப்படும்வரை நோக்கியா ஆலையில் போன்களைக் கோத்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். இன்று ஃபாக்ஸ்கானில் ஐபோன் கோப்பவர்களும் அவர்களே. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் உடல்நலம் கெட்டுச் சாலையில் உட்கார்ந்து மறித்தவர்களும் அவர்களே. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். மெல்லிய விரல், பொறுமை, கூர்மையான கண் என்று ஆலை விளம்பரத்தில் புகழப்படுகிற அதே பெண் ரிச்சி தெருவுக்குப் போனால் கவுன்டருக்கு இந்தப் பக்கம்தான் நிற்க முடியும். அந்தப் பக்கம் போன் பலகையில் சால்டரிங் வைக்கிறவர் ஆண். கோப்பது நம் வேலை, பிரிப்பது அவர்கள் வேலை. ஏன் தெரியுமா? கோக்கிறவருக்கு ஒரு பொருளில் ஒரு திருகு மட்டும் தெரிந்தால் போதும். பிரிக்கிறவருக்கு முழுப் பொருளும் தெரிய வேண்டும். முழுவதும் தெரிந்தவர் சொந்தமாகக் கடை போடலாம். அந்த அறிவு ஆலை வாசலைத் தாண்டி அவளோடு வீட்டுக்கு வருவதில்லை. வேலை போன நாளில் அவள் வெறுங்கையோடுதான் திரும்புகிறாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டு இயந்திரத்தின் நோயை முதலில் கண்டுபிடிப்பவள் பெண்தான். “சத்தம் மாறியிருக்கு”, “ஒரு தீஞ்ச வாசனை வருது”, “ஜார் ஆடுது” என்று அவள் சொல்வது துல்லியமான தகவல். மெக்கானிக் வீட்டுக்கு வந்தால் அதைக் கணவரிடம் கேட்பார். கணவர் அதை அவளிடம் கேட்டு மெக்கானிக்கிடம் சொல்வார்.

இப்போது கடலோரத்துக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். எண்ணூரில் ஓர் இயந்திரம் அண்ணா நகரில் இருப்பதைப் போல நாள் தாங்காது. உப்புக் காற்று செம்பைப் பச்சையாக்கும், சர்க்யூட் பலகையின் கால்களை அரிக்கும். அனல் மின் நிலையங்களின் சாம்பல் தூசு விசிறிக்குள்ளும் டிவிக்குள்ளும் படியும். ஊர் முழுவதும் விளக்கெரிய இங்கே நிலக்கரி எரிகிறது. அதன் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிகிறது. அந்த ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடித்த பெண்களின் தொழில் நாசமாகிறது. கடைசியில், அந்த மின்சாரத்தில் ஓடுகிற இயந்திரமும் இங்கேதான் சீக்கிரம் சாகிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. மணலியிலிருந்து சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாயில் இறங்கி எண்ணூர் முகத்துவாரம்வரை பரவியது. வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், தையல் இயந்திரத்தின் மோட்டார் எல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழே. அரசின் நிவாரணம் குடும்பத்துக்கு 6,000 ரூபாய். ஒரு ஃபிரிட்ஜுக்குக்கூடக் காணாது. அந்த நாட்களில் ‘ரிப்பேர் செய்வது லாபமா’ என்று யாரும் விவாதம் நடத்தவில்லை. வேறு வழியில்லை.

நனைந்த இயந்திரத்தை உடனே மின்சாரத்தில் போடக் கூடாது. நல்ல தண்ணீரில் சேற்றையும் உப்பையும் கழுவி, நாள் கணக்கில் காயவிட்டு, மோட்டாரின் காப்பு தாங்குகிறதா என்று கருவியால் சோதித்த பிறகே இணைப்புக் கொடுக்க வேண்டும். எண்ணெயில் ஊறிய ரப்பர் பெல்ட் உப்பிவிடும், மாற்றத்தான் வேண்டும். இதைச் சொல்லித்தர ஒரு முகாம் போட்டிருந்தால், சோதனைக் கருவியோடு நாலு பேரைத் தெருத்தெருவாக அனுப்பியிருந்தால், எத்தனையோ இயந்திரங்கள் பிழைத்திருக்கும். கால்நடைக்கு முகாம் போடுகிறோம், கண்ணுக்கு முகாம் போடுகிறோம். வெள்ளத்துக்குப் பிறகு வீட்டு இயந்திரத்துக்கு ஒரு முகாம் போட யாருக்கும் தோன்றவில்லை. அவை சமையலறைச் சாமான்கள்தானே! புதுசு வாங்கியவர்கள் தவணையில் வாங்கினார்கள். வாரக் கடன்காரர் வாசலில் வந்து நிற்கும்போது கதவைத் திறப்பது யார் என்று இந்தப் புத்தகத்தைப் படிக்கிற யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.

தூக்கிப் போட்ட பொருள் எங்கே போகிறது? 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 6.2 கோடி டன் மின்னணுக் குப்பை சேர்ந்தது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவீதம்தான் என்று ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. முறைசாராக் குப்பைத் தொழிலில் இருக்கும் 1.29 கோடி பெண்கள் இதன் நஞ்சுக்கு ஆளாகும் அபாயத்தில் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் எச்சரித்தது. வயரின் பிளாஸ்டிக்கை எரித்துச் செம்பை எடுக்கும்போது வருகிற புகையும், சால்டரிலிருந்து வருகிற ஈயமும் கருவிலிருக்கும் குழந்தைவரை போகும். நகரத்தின் குப்பை கொடுங்கையூரில் மலையாகக் குவிந்து கிடக்கிறது. அதுவும் வடசென்னைதான். புதுப் பொருள் கன்டெய்னரில் ஏறி எங்கள் சாலையை நசுக்கிக்கொண்டு நகரத்துக்குப் போகிறது. பழசாகி எங்களிடமே திரும்பி வருகிறது. “புதுசே வாங்கிக்குங்க” என்கிற ஒரு வாக்கியத்துக்கு இரண்டு முறை விலை கொடுக்கிற ஊர் இது.

எல்லாவற்றையும் ரிப்பேர் செய்தே ஆக வேண்டும் என்றா சொல்கிறேன்? இல்லை. உப்பிய பேட்டரியை வைத்துக்கொண்டு சிக்கனம் பார்க்காதீர்கள். தொட்டால் ஷாக் அடிக்கிற கிரைண்டரில் ஈரக்கையை வைக்காதீர்கள். காப்பு போன வாட்டர் ஹீட்டரோடு பரிசோதனை வேண்டாம். சில வாஷிங் மெஷின்களில் சர்க்யூட் பலகையின்மேல் பசை ஊற்றி மூடியிருக்கும். ஈரத்திலிருந்து காக்கத்தான் அது, உண்மைதான். ஆனால் ஒரு சின்னப் பாகம் போனாலும் முழுப் பலகையையே வாங்க வைக்கிறது.

இன்னொரு பக்கத்திலிருந்து வருகிற உபதேசத்தையும் நான் ஏற்கவில்லை. ‘எங்க பாட்டி ஒரு துணியைக்கூட வீணாக்க மாட்டாங்க, இந்தக் காலத்துப் பொண்ணுங்க எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடுறாங்க’ என்று பூமியின் வெப்பத்துக்கும் பெண்ணின் சோம்பலைக் காரணம் காட்டுகிற உபதேசம். அந்தப் பாட்டி கிழிந்ததைத் தைத்தது தத்துவத்தால் அல்ல, வேறு புடவை இல்லாததால். குப்பை பிரிப்பது, துணிப்பை எடுத்துப் போவது, மழைநீர் சேகரிப்பது என்று சுற்றுச்சூழலைக் காக்கிற வேலைகள் ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வந்து பெண்ணின் தலையில் விழுந்திருக்கின்றன. ரிப்பேரும் அந்த வரிசையில் இன்னொரு சம்பளமில்லா வேலையாகச் சேர்ந்தால் அதை நாம் எதிர்க்க வேண்டும். பழுது பார்ப்பது திறமையான வேலை. அதற்குக் கூலி உண்டு. அந்தக் கூலி ஒரு பெண்ணின் கைக்கும் போக வேண்டும்.

டெல்லியில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்காக ஒரு குழு போட்டது, அந்த டிசம்பரில் ஓர் இணையதளமும் திறந்தது. விவசாயக் கருவி, மொபைலும் மின்னணுப் பொருளும், வீட்டுச் சாதனம், வாகனம் என்று நான்கு துறைகள். கம்பெனிகள் கையேடு, உத்தரவாதம், சர்வீஸ் மைய விவரம் தர வேண்டும் என்பது எண்ணம். மீறினால் தண்டிக்கிற தனிச் சட்டம் இல்லை. பிரான்சில் 2021 முதல் சில பொருள்களின் விலைச்சீட்டிலேயே எத்தனை சுலபமாகப் பழுது பார்க்கலாம் என்று பத்துக்கு இத்தனை மதிப்பெண் போட்டாக வேண்டும். இங்கே அப்படியொரு மதிப்பெண்ணை ஸ்மார்ட்போனில் தொடங்குவது பற்றிப் பேசுகிறார்கள். மிக்ஸிக்கு எப்போது? நாட்டில் அதிகம் உழைக்கிற மோட்டார் சமையலறையில்தான் இருக்கிறது. விவாதத்தில் அது கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

அதுவரை நாம் செய்யக்கூடியவை சில உண்டு. கடைக்காரர் கட்டுப்படியாகாது என்றால், “தொறந்து காட்டுங்கண்ணே, என்ன போயிருக்குன்னு பாக்கணும்” என்று கேட்கலாம். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். கல்லூரியில் படிக்கிற பெண்கள், மகளிர் தினத்துக்குக் கோலப்போட்டி வைக்கிற மன்றத்திடம் ஒரு மல்டிமீட்டரும் நாலு பழைய மிக்ஸியும் கேட்கலாம். தேர்தல் வரும். அடுப்போ வாஷிங் மெஷினோ, மேடையில் மறுபடியும் ஓர் இயந்திரம் நமக்கு அறிவிக்கப்படும். வாங்கிக்கொள்வோம். கூடவே, உதிரிபாகம் எந்தத் தெருவில், எத்தனை வருடத்துக்குக் கிடைக்கும், அதைப் பழுது பார்க்க எங்கள் வார்டில் எத்தனை பெண்களுக்குப் பயிற்சியும் சம்பளமும் தருவீர்கள் என்று கூட்டம் கலைவதற்கு முன்பே எழுந்து நின்று கேட்போம்.